அப்பாவின் ரயிலுக்கு ஓர் எலுமிச்சம்பழம்

1

ஆயுத பூஜைக்கு மறுநாள் காலையில் பெங்களூரில் கீழே பார்த்துத்தான் நடக்க வேண்டும். உடைத்த பூசணிக்காய், குங்குமம் கலந்த அதன் சாறு, நசுங்கிய எலுமிச்சை. ஆட்டோ, கார், தண்ணீர் லாரி, அலுவலகப் பேருந்து என்று சக்கரம் உள்ள எதுவும் தப்புவதில்லை. எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் குழந்தைகளின் மூன்று சக்கர சைக்கிளுக்கு முன்னால்கூட வைத்திருந்தார்கள். சிங்கப்பூரில் இருக்கும் உங்களிடம் இதைச் சொன்னால், சாலையை யார் கழுவுவது என்றுதான் முதலில் கேட்பீர்கள். வந்த புதிதில் நானும் அதைத்தான் கேட்டேன். என் கணவர் பிரபு, இதே ஊரில் ஜோகுபாளையத்தில் பிறந்து வளர்ந்தவர், கேள்வி புரியாமல் என்னைப் பார்த்தார்.

நேற்று ஆயுத பூஜை. போன வருடம் இதே நாளில் நான் ஒரு தவறு செய்தேன். அதிலிருந்துதான் இந்தக் குறிப்புகள் தொடங்குகின்றன.

2

நான் ரயில் சக்கரங்களைக் கவனிக்கும் பொறியாளர். வைட்ஃபீல்டுக்குப் பக்கத்தில் உள்ள பணிமனை ஒன்றில், ஒப்பந்த நிறுவனம் ஒன்றுக்காக வேலை செய்கிறேன். சக்கரம் தேயும். தேய்மானத்தை அளக்க வேண்டும். அளவு மீறினால் கடைந்து சீராக்க வேண்டும். சிங்கப்பூரில் கற்றுக்கொண்ட வேலை. பிரபுவின் அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனபோது, இரண்டு வருடம் மட்டும் என்று சொல்லி இங்கே வந்தோம். மகள் தாரா இங்கேதான் பிறந்தாள். அவளுக்கு இப்போது ஆறு வயது. அந்த இரண்டு வருடம் இன்னும் முடியவில்லை.

வந்த புதிதில், இரண்டு ஊர் ரயில்களுக்கும் பொதுவாக என்னென்ன இருக்கின்றன என்று பட்டியல் போட்டேன். தண்டவாளங்களுக்கு இடையே உள்ள அகலம் ஒன்று. ஆறு பெட்டிகள். மின்சாரம் தலைக்கு மேல் கம்பியிலிருந்து வருவதில்லை, பக்கத்தில் ஓடும் மூன்றாவது தண்டவாளத்திலிருந்து வருகிறது. வோல்ட் அளவும் ஒன்றே. பணிமனைகளின் வாசனையும் ஏறக்குறைய ஒன்று: இரும்புத்தூள், மசகு எண்ணெய், பிரேக் கட்டை தேய்ந்த கருகல். சிறுவயதில் அப்பா வேலை முடிந்து வந்து சட்டையைக் கழற்றும்போது அடித்த வாசனை அது. இங்கே முதல் நாள் பணிமனைக்குள் நுழைந்தபோது கால்கள் தாமாகவே நின்றுவிட்டன. பட்டியலில் அதை எப்படி எழுதுவது என்று தெரியாமல் விட்டுவிட்டேன்.

பொதுவாக இல்லாதவற்றுக்குத் தனிப் பட்டியல் எழுதத் தேவைப்படவில்லை. அது வீட்டிலேயே வளர்கிறது. காலையில் நான் தாராவிடம் பசியாறச் சொல்கிறேன். அவள் அந்தச் சொல்லைக் கேட்டுச் சிரிக்கிறாள். பள்ளியில் எல்லோரும் காலைச் சாப்பாட்டைத் திண்டி என்கிறார்கள். வாராவாரம் சிங்கப்பூரிலிருந்து தொலைபேசியில் என் அப்பா, “பிள்ள பசியாறிருச்சா?” என்று கேட்கிறார். “திண்டி ஆய்து தாத்தா” என்று கன்னடத்தில் சொல்லிவிட்டு ஓடுகிறாள். அவர் என்னிடம், என்ன ஆச்சாம் என்று கேட்கிறார். ஜோகுபாளையத்தில் இருப்பவர் அவளுக்கு வெறும் தாத்தா. என் அப்பா, போன் தாத்தா.

3

போன வருடம் ஆயுத பூஜையன்று காலை ஆய்வுக்குப் போனேன். அன்று சேவைக்குப் போகாத ரயில் ஒன்றைக் கொட்டகையில் நிறுத்தியிருந்தார்கள். முன்பக்கம் இரண்டு வாழைக்கன்றுகள், சாமந்தி மாலை, ஓட்டுநரின் கண்ணாடிக்குக் கீழே சந்தனமும் குங்குமமும். அவற்றை அலங்காரம் என்று விட்டுவிட்டேன். ஆனால் குனிந்து பார்த்தபோது, முன் சக்கரங்களை ஒட்டித் தண்டவாளத்தின் மேல் எலுமிச்சம்பழங்கள் இருந்தன.

எனக்குச் சொல்லித் தந்த விதி எளிது. தண்டவாளத்தின் மேல் இருக்கக் கூடாத எதுவும் அந்நியப் பொருள். அதை அகற்ற வேண்டும், பையில் போட வேண்டும், அடையாளச் சீட்டு கட்ட வேண்டும். நான் மூன்றையும் செய்தேன்.

ரயிலை எடுக்க ஸ்டெல்லா வந்தாள். பிரேசர் டவுன்காரி, என் வயதுதான். சேவையில் இருக்கும் ரயிலோட்டுநர்களில் நான் மிகவும் மதிக்கும் ஒருத்தி. சக்கரங்களைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“இன்னா மேடம், லெமன் காணோம்?”

எடுத்துவிட்டேன், பையில் இருக்கிறது என்றேன். அவள் பையை வாங்கி, அதில் தொங்கிய சீட்டைப் படித்தாள்.

“டேக் வேற போட்டுக்கினீங்களா.”

அதற்குப் பிறகு யாரும் எதையும் மறுக்கவில்லை. வேலைதான் நகரவில்லை. ஒருவர் பிரேக்கை இன்னொரு தடவை சரிபார்க்கப் போனார். இன்னொருவர் டீ குடிக்கப் போனார். ஸ்டெல்லா ஓட்டுநர் அறையின் வாசலில் கால்களைத் தொங்கவிட்டு உட்கார்ந்துகொண்டாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தேவாலயப் பூசைக்குப் போகிறவளாயிற்றே, உனக்கு எதற்கு எலுமிச்சம்பழம் என்று கேட்டேன்.

“நான்தான் மேடம் சர்ச்சுக்குப் போறேன். வண்டி போவுதா? அதுக்கு அதோட வழி.”

பையில் இருப்பதையே திரும்ப வைத்துவிடலாமே என்றேன். எடுத்ததைத் திருப்பி வைக்கக் கூடாதாம். அதை மூன்று பேர் ஒரே நேரத்தில் சொன்னார்கள். கடைசியில் ஒருவர் ஸ்கூட்டரில் காடுகோடி சந்தைக்குப் போய்ப் புதுப் பழம் வாங்கி வந்தார். இந்த முறை ஸ்டெல்லாவே வைத்தாள். கைகளைத் துடைத்துக்கொண்டு ஏறினாள். ரயில் நகர்ந்தது. அத்தனை எடைக்கு முன்னால் எலுமிச்சம்பழம் ஒன்றுமே இல்லை. ஆனாலும் அது உடையும் சத்தம் கேட்டது; அதைக் கேட்பதற்காகவே எல்லோரும் பேசாமல் நின்றிருந்தார்கள்.

4

அப்பாவைச் சிரிக்க வைக்கலாம் என்று அன்று மாலை இதைச் சொன்னேன். அவர் சிரித்தார். சீட்டுக் கட்டிய இடத்தில் நன்றாகவே சிரித்தார். பிறகு சொன்னார்:

“நாங்களும் வச்சோம் லா.”

இத்தனை வருடங்களில் அவர் சொல்லாத கதை அது. நம் சிங்கப்பூரில் எம்ஆர்டி ரயில் ஓடத் தொடங்குவதற்கு முன்பே அப்பா பணிமனையில் சேர்ந்துவிட்டார். மணமாகாத இளைஞர். முதல் தலைமுறைப் பெட்டிகள் ஜப்பானிலிருந்து கப்பலில் வந்தபோது உறை பிரித்தவர்களில் அவரும் ஒருவர். ஒவ்வொரு பெட்டியிலும் புது பிளாஸ்டிக் வாசனை அடித்ததாம். ஆரஞ்சு, நீலம், பச்சை என்று இருக்கைகள். அவருக்கும் உடன் வேலை செய்த ஆ செங் அங்கிளுக்கும் ஒரு ரயில் ஒதுக்கப்பட்டது. எங்கள் வீட்டில் அதற்கு எண் கிடையாது. ‘நம்ம செட்டு’ என்றுதான் பெயர். அது முதன்முதலாகப் பயணிகளை ஏற்றப் போகும் நாளில், அப்பா தேக்கா சந்தையில் வாங்கிய ஓர் எலுமிச்சம்பழத்தை யாரும் பார்க்காதபோது சக்கரத்துக்கு அடியில் வைத்தார். நிமிர்ந்து பார்த்தால், அடுத்த சக்கரத்துக்கு அடியில் ஆ செங் அங்கிள், சீனர்கள் மங்கலத்துக்கு வைக்கும் மாண்டரின் ஆரஞ்சு ஒன்றை வைத்துக்கொண்டிருந்தார்.

ரயில் போன பிறகு மேற்பார்வையாளர் வந்து தண்டவாளத்தில் இருந்த கறையைப் பார்த்திருக்கிறார். கழுவச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

“யாருன்னு கேக்கல. கேட்டிருந்தா ரெண்டு பேரும் சொல்லிருப்போம்.”

அந்த ரயில்களோடுதான் நான் வளர்ந்தேன். எங்கள் ஈசூன் வீட்டுச் சமையலறை ஜன்னலிலிருந்து மேம்பாலத் தண்டவாளம் தெரியும். அம்மா இருந்தவரை, சோறு வேகும் நேரத்தை ரயில்களால் கணக்கிட்டார். பள்ளிக்குப் போகும்போது ஆரஞ்சு இருக்கை கிடைத்தால் அன்று நல்ல நாள் என்று நான் நினைத்துக்கொள்வேன். ரயில் கிளம்பும்போது தரைக்கு அடியிலிருந்து ஒரு முனகல் வரும். வேகம் கூடக் கூடக் குரல் மாறும். அது மின்சாரத்தை நொடிக்குப் பல நூறு முறை வெட்டி வெட்டி மோட்டாருக்குக் கொடுப்பதால் வரும் ஒலி என்று பின்னாளில் படித்தேன். அதற்கு முன்பு, அப்பா அடியில் உட்கார்ந்து தள்ளுகிறார் என்று நம்பியிருந்தேன்.

ஒரு ரயில் ஒரே நாளில் ஓய்வு பெறுவதில்லை. நான் உயர்நிலைப் பள்ளியில் இருந்தபோது உட்புறத்தைப் புதுப்பித்தார்கள், ஆரஞ்சு போய்விட்டது. பின்னர் மோட்டார்களை மாற்றினார்கள், முனகல் போய்விட்டது. புதிய மோட்டார் எல்லா வகையிலும் மேலானது, குறைந்த மின்சாரத்தில் ஓடுவது. பொறியாளராக அதை நான் வரவேற்றேன். அந்த மாற்றத்துக்குப் பிறகு முதல் தடவை ஏறியபோது, அப்பா காதைக் கதவோரம் வைத்துக் கேட்டுவிட்டு, நல்லா இருக்கு என்று மட்டும் சொன்னார். மிஞ்சியது ரயிலின் உடம்பு மட்டும்தான். அதற்குள்ளேயும் அவருக்குத் தெரிந்த மூலை முடுக்குகள் இருந்தன.

5

இந்த வருடத் தொடக்கத்தில் ஆ செங் அங்கிள் அப்பாவிடம் சொன்னார்: ஓய்வு பெற நம்ம செட்டின் முறை வந்துவிட்டது, இன்னும் சில மாதங்கள்தான். அங்கிள் ஒப்பந்தத்தில் இன்னமும் அந்தப் பணிமனையில் வேலை செய்கிறார். அப்பா என்னை அழைத்தார். எதையும் கேட்டு வாங்கிப் பழக்கமில்லாதவர் அவர்.

“பிள்ளையையும் கூட்டிட்டு வா. ஈசூன்ல ஏறுவோம், ஜூரோங் வரைக்கும் போவோம், திரும்பி வருவோம். வேற ஒன்னும் வேணாம்.”

தாரா அந்த ரயிலில் ஒரு தடவை போயிருக்கிறாள். கைக்குழந்தையாக இருந்தபோது. வழி நெடுகத் தூங்கினாள். இந்தத் தடவை அவள் விழித்திருக்க வேண்டும், அவர் சுட்டிக் காட்டுவதைப் பார்க்க வேண்டும், ஏதாவது கேள்வி கேட்க வேண்டும். அப்பா விரும்பியது அவ்வளவுதான். அவரைவிட அதை நான் அதிகம் விரும்பினேன் என்று நினைக்கிறேன். நான் எங்கிருந்து வந்தவள் என்று அவளுக்குக் காட்ட வேறு எதுவும் என்னிடம் இல்லை. எங்கள் பழைய அடுக்குமாடி புளோக்கில் காட்ட என்ன இருக்கிறது? மின்தூக்கியும் தபால் பெட்டிகளும்தான்.

தாராவின் இந்தியக் கடவுச்சீட்டு காலாவதியாகியிருந்தது. புதுப்பிக்க விண்ணப்பித்தோம். அம்மா வெளிநாட்டுப் பிரஜை என்பதால் கூடுதல் சரிபார்ப்பு. கவுண்டரில் இருந்த பெண்மணி கோலார்க்காரர். என் சிவப்பு நிறக் கடவுச்சீட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு அன்பாகச் சொன்னார்: “நம்ம ஊருக்கே திரும்பி வந்துட்டீங்கல்லம்மா, இன்னும் எதுக்கு இது?”

இதை இங்கே எல்லோரும் சொல்கிறார்கள். திரும்பி வந்துவிட்டேனாம். என் கொள்ளுத்தாத்தா நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறியவர். எங்கள் குடும்பத்தில் யாரும் பெங்களூரில் ஒரு நாள்கூட வாழ்ந்ததில்லை. நான் திரும்பி வரவில்லை, புறப்பட்டு வந்திருக்கிறேன். ஆனால் என் முகமும் பெயரும் மொழியும் அதை யாரையும் நம்ப விடுவதில்லை. வெளியூர்க்காரி என்ற சலுகைகூட எனக்குக் கிடைப்பதில்லை.

காவல்துறைச் சரிபார்ப்பு ஜோகுபாளையத்து முகவரிக்குப் போனது. ஆவணங்களில் அதுதான் இருந்தது. வாசலுக்கு வந்த காவலரை அத்தை, பிரபுவின் அம்மா, உட்கார வைத்து, காபி கொடுத்து, பெருமையோடு உண்மையைச் சொல்லியிருக்கிறார்.

“அவங்க எங்க சார் இங்க இருக்காங்க? வைட்ஃபீல்டுல பெரிய ஃபிளாட்டு வாங்கிக்கினு போய்ட்டாங்க.”

கோப்பு திரும்பிவிட்டது. அத்தைக்கு விளக்கியபோது, பொய் சொல்லச் சொல்றியா என்று கேட்டார். இல்லை என்றேன். வேறென்ன சொல்வது? முகவரியை மாற்றி, மறுபடி முதலிலிருந்து தொடங்கினோம்.

நீ மட்டுமாவது போய்விட்டு வா என்றார் பிரபு. அப்பாவிடம் கேட்டேன். அவசரமில்லை, பிள்ளையோடு வா என்றார். ரயிலுக்குத்தான் அவசரம் இருந்தது.

6

ஒரு சனிக்கிழமை, நானும் தாராவும் மெட்ரோவில் ஜோகுபாளையத்துக்குப் போய்க்கொண்டிருந்தோம். அப்பா அழைத்தார். ஈசூன் மேடையில் நின்றுகொண்டிருந்தார். நம்ம செட்டு இன்றைக்கு ஓடுகிறது, அநேகமாக இதுதான் கடைசி நாள் என்று ஆ செங் அங்கிள் செய்தி அனுப்பியிருக்கிறார். போனை ஒலிபெருக்கியில் போட்டேன்.

முதலில் கூட்டத்தின் சலசலப்பு. பிறகு மேடையில், அறிவிப்பு சொல்லும் அந்தப் பெண்குரல், தமிழில், மேடைக்கும் ரயிலுக்கும் நடுவே உள்ள இடைவெளியைக் கவனத்தில் கொள்ளச் சொன்னது. நீங்கள் தினமும் கேட்டு, கேட்காமலே ஆகிவிட்ட குரல். இந்திராநகரைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்த பெட்டியில் அதைக் கேட்டதும், எதிர் இருக்கையில் இருந்த இருவர் நிமிர்ந்து பார்த்தார்கள். தாரா என் கையை இழுத்தாள்.

“போன் தாத்தா ஊர்ல ஸ்டேஷன் தமிழ் பேசுமா?”

பேசும் என்றேன். நான்கு மொழி பேசும் என்றேன். அவள் போனைக் காதோடு வைத்துக்கொண்டாள். அந்தப் பக்கம் அப்பா அவளிடம் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குப் பாதிதான் கேட்டது. எந்தக் கதவு முதலில் ஒட்டிக்கொள்ளும், எந்தக் கம்பியைப் பிடித்தால் குளிரும் என்பது போல. ஹலசூரு நிலையத்தில் இறங்க வேண்டியிருந்தது. இறங்கவில்லை. கடைசி நிலையம்வரை போய்த் திரும்பினோம். சுரங்கத்துக்குள் நுழைந்ததும் இணைப்பு போய்விட்டது.

மறுபடி கிடைத்தபோது அவர் ஜூரோங் மேடையில் நின்றுகொண்டிருந்தார். ரயில் போய்விட்டிருந்தது.

சில வாரங்களில் பெட்டிகளை ஒவ்வொன்றாக நீளமான லாரிகளில் ஏற்றி, உடைப்பதற்கு அனுப்பினார்கள். அப்பா வெளியே சாலையோரம் நின்று பார்த்தார். பையில் ஓர் எலுமிச்சம்பழம் கொண்டுபோயிருந்தார். அதைத் தானாகச் சொல்லவில்லை, நான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். பெட்டியின் சக்கரங்களைச் சங்கிலி போட்டுக் கட்டியிருந்தார்கள். அவை சுற்றப் போவதில்லை. லாரியின் டயருக்கு அடியிலாவது வைத்திருக்கலாமே என்றேன்.

“அது வேற வண்டி லா.”

அடுத்த வாரம் தாராவின் கடவுச்சீட்டு தபாலில் வந்தது.

7

நேற்று பணிமனைக்குக் குடும்பத்தினர் வரலாம் என்றார்கள். தாராவைக் கூட்டிப் போனேன். தலைக்கவசம் அவள் கண்வரை இறங்கியது. ஸ்டெல்லா அவளைப் பார்த்ததும், அம்மா மாதிரி நீயும் லெமனைப் பையில் போட்டுவிடாதே என்றாள். அந்தக் கதை இங்கே என் பெயரோடு ஒட்டிக்கொண்டுவிட்டது.

வலது முன் சக்கரத்துக்கு வைக்கும் வேலையைத் தாராவிடம் கொடுத்தார்கள். ஒரு பழம் வைத்தாள். பிறகு நிமிர்ந்து, இன்னொன்று வேண்டும் என்றாள். ஒரு சக்கரத்துக்கு ஒன்றுதான் என்று ஸ்டெல்லா சொன்னாள்.

“இது போன் தாத்தா டிரெய்னுக்கு. அதுக்கு யாரும் வெக்கலே.”

அதை அவளிடம் நான் சொல்லவில்லை. அப்பாவிடம் நான் அதைக் கேட்டுத் தெரிந்துகொண்ட அன்று அவள் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும். ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள். கூடையிலிருந்து நல்லதாக ஒன்றைத் தேடி எடுத்துக் கொடுத்தாள். தாரா அதை முதல் பழத்துக்குப் பக்கத்தில் வைத்து, உருளாமல் இருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்த்தாள்.

அப்பாவை வீடியோவில் அழைத்தேன். சமையலறையில் உட்கார்ந்திருந்தார். பின்னால் ஜன்னல் தெரிந்தது. என்ன நடக்கிறது என்று தாரா தமிழிலும் கன்னடத்திலும் கலந்து சொல்லி முடித்தாள். அவர் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். நான் போனைத் தண்டவாளத்தின் பக்கம் திருப்பினேன். கொட்டகை அமைதியானது. ரயில் நகர்ந்தது. ஒன்று, உடனே இன்னொன்று.

“நசுங்குச்சா?” என்றார் அப்பா.

“ரெண்டும் நசுங்கிருச்சு தாத்தா.”

“அப்ப சரி. போகச் சொல்லு.”

தாரா ரயிலைப் பார்த்துக் கையை அசைத்தாள். அது ஏற்கெனவே கொட்டகையைத் தாண்டியிருந்தது. அப்பாவின் ஜன்னலுக்கு வெளியே ஒரு ரயில் கடந்துபோனது, புதுசு. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தண்டவாளத்தில் ஈரமும் விதைகளும் ஒட்டியிருந்தன. அந்த இடத்துக்கு மேற்பார்வை நான்தான். தண்டவாளத்தின் மேல் ஈரம் இருந்தால் சக்கரத்தின் பிடிமானம் குறையும். உடனே கழுவச் சொல்ல வேண்டும். அடுத்த ரயில் அந்தத் தடத்துக்கு வர மாலையாகும்.

மாலைவரை நான் யாரிடமும் சொல்லவில்லை.